கிச்சன் புதுப்பிப்பில் கட்டிய விற்பனை வரி: இந்த வருடமே கழிப்பதா, வீட்டின் அடக்க விலையில் ஏற்றுவதா?

அமெரிக்காவில் கிச்சனை இடித்துக் கட்டுகிறவர்கள் கேபினட்டுக்கும் கிரானைட்டுக்கும் கடைகடையாக ஏறி இறங்குவார்கள். பில்லின் அடியில் இருக்கும் விற்பனை வரியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. டல்லாஸ், ஹூஸ்டன் நகரங்களில் அது 8.25 சதவீதம்: டெக்சஸ் மாநிலத்துக்கு 6.25, உள்ளூருக்கு 2. 30,000 டாலருக்குப் பொருள் வாங்கினால் வரி மட்டும் 2,475 டாலர்.

இந்தத் தொகைக்கு இரண்டு வழி உண்டு. அந்த வருடத்து மத்திய வருமான வரிக் கணக்கிலேயே கழிக்கலாம். அல்லது வீட்டின் அடக்க விலையில் (வாங்கிய விலையோடு புதுப்பிப்புச் செலவையும் கூட்டிய தொகை) சேர்த்துவைத்து, விற்கும்போது லாபத்தைக் குறைத்துக் காட்டலாம். ஒரே வரியை இரண்டு இடத்திலும் காட்ட முடியாது.

முதல் வழி மாநில வருமான வரி இல்லாத டெக்சஸ், ஃபுளோரிடா போன்ற இடங்களில் இருப்பவர்களுக்குத்தான் பொருந்தும். கழிவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிடும் ஷெட்யூல் ஏ படிவத்தில் மாநில வருமான வரி, விற்பனை வரி இரண்டில் ஒன்றைத்தான் கழிக்கலாம். நியூ ஜெர்சியிலோ கலிஃபோர்னியாவிலோ சம்பளத்தில் பிடிக்கும் மாநில வரியே பெரும்பாலும் பெரிய தொகை. அவர்கள் அதை எடுத்துக்கொண்டு, புதுப்பிப்பு வரியை அடக்க விலையில் ஏற்றிவிடலாம்.

விற்பனை வரியைக் கழிப்பதிலும் இரண்டு முறை. வருடம் முழுக்கச் சேர்த்த ரசீதுகளைக் கூட்டலாம்; அல்லது வருமானம், குடும்ப அளவு, ஊர் பார்த்து மத்திய வரித்துறையான ஐஆர்எஸ் தரும் அட்டவணைத் தொகையை எடுத்து, அதன் மேல் கார், படகு, பெரிய அளவிலான வீட்டுப் புதுப்பிப்புப் பொருள்கள் ஆகியவற்றுக்குக் கட்டிய வரியைக் கூட்டலாம். என் ஓட்டு அட்டவணைக்குத்தான். செருப்பு வாங்கிய ரசீதைக்கூட யார் எடுத்துவைக்கிறார்கள்? ஆனால் ஒன்று, குழாய் மாற்றியதையும் ஓர் அறைக்குப் பெயிண்ட் அடித்ததையும் பெரிய புதுப்பிப்பு என்று காட்ட முடியாது. புது ஃபிரிட்ஜும் சோஃபாவும் கட்டுமானப் பொருள்கள் அல்ல. அவற்றுக்கே நிறையச் செலவழித்த வருடமானால் ரசீது முறையையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

சரி, கையில் என்ன மிஞ்சும்? சேர்ந்து கணக்குக் காட்டும் கணவன் மனைவிக்கு 2025-இல் பட்டியல் போடாமலே கிடைக்கும் நிலையான கழிவு 31,500 டாலர். கழிவுகளைத் தனித்தனியாகக் கூட்டி இதைத் தாண்டினால்தான் ஷெட்யூல் ஏ-யால் லாபம். ஒரு பேச்சுக்கு, வீட்டுக்கடன் வட்டி 19,000, சொத்து வரி 11,000, அட்டவணைத் தொகை 1,800 என்று வையுங்கள். 31,800 ஆகிவிட்டது. இனிமேல் சேர்க்கும் 2,475 முழுவதும் லாபக் கணக்குதான். 22 சதவீத வரம்பில் இருந்தால் ஏறத்தாழ 545 டாலர் மிச்சம். வட்டி 10,000 மட்டும் என்றால் ஒரு பைசா தேறாது.

இதே தம்பதிக்கு 2024-இல் இந்த வழியே அடைபட்டிருந்தது. மாநில, உள்ளூர் வரிகளைக் கழிப்பதற்கு அப்போது உச்சவரம்பு 10,000 டாலர். சொத்து வரி ஒன்றே அதை விழுங்கிவிடும். 2025-இல் வரம்பு 40,000 ஆனது. அந்த வருடக் கணக்கில் வருமானம் 5 லட்சம் டாலரைத் தாண்டினால் இது குறையத் தொடங்கும்; 2030-இல் எல்லோருக்கும் பழையபடி 10,000.

இரண்டாவது வழி கேட்க நன்றாக இருக்கும், பலருக்குப் பலன் தராது. ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் குடியிருந்த சொந்த வீட்டை விற்றால், தம்பதிக்கு 5 லட்சம் டாலர் வரை லாபத்துக்கு வரி கிடையாது. லாபம் அதைத் தாண்டாதவருக்கு அடக்க விலையில் 2,475 ஏறினால் என்ன, ஏறாவிட்டால் என்ன? தாண்டினாலும் 15 சதவீதக் கணக்கில் 371 டாலர்தான், அதுவும் என்றைக்கோ. வேலை மாறி ஊர் மாறும்போது வீட்டை வாடகைக்கு விடும் நம் ஆட்களுக்கு மட்டும் கொஞ்சம் உதவும். கட்டடத்தின் அடக்க விலையை 27.5 வருடத்தில் தேய்மானமாகக் கழிக்கலாம்.

ஆக, ஷெட்யூல் ஏ போடுகிற டெக்சஸ்காரர் இந்த வருடமே கழிப்பதுதான் நல்லது. ஆனால் அது சாத்தியமா என்பது மார்ச் மாதம் வரிக் கணக்குப் போடும்போது தெரிவதில்லை, காண்ட்ராக்டரோடு பேசும்போதே முடிவாகிவிடுகிறது. பொருளுக்கான வரியை நீங்கள் நேரடியாகக் கட்டியிருக்க வேண்டும் என்பது விதி. கடையில் நீங்களே வாங்கினால் சிக்கல் இல்லை. காண்ட்ராக்டர் வாங்கினால், டெக்சஸில் பொருளுக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதிய ஒப்பந்தம் கேளுங்கள். பொருள் மீதான வரி உங்கள் பில்லில் தனியாக வரும். எல்லாம் சேர்த்து ஒரே தொகை என்று எழுதினால் வரி கட்டியவர் காண்ட்ராக்டர், நீங்கள் அல்ல.

ஒரே தொகைக்குக் கையெழுத்துப் போட்டாயிற்றா? அப்படியானால் கொடுத்த பணம் முழுவதும், உள்ளே ஒளிந்திருக்கும் வரியும் சேர்ந்து, அடக்க விலையில்தான் ஏறும். அந்த பில்லை வீடு விற்று, அதற்கு வரிக் கணக்குக் கொடுத்து, மூன்று வருடம் ஆகும்வரை எடுத்துவையுங்கள்.