4 வருஷம் கயாக்ல மீன் பிடிச்சதுக்கு அப்புறம் எழுதறேன்: எதுக்கு காசு போடலாம், எதுக்கு வேணாம்

வர்ற தை வந்தா நான் கயாக்ல (துடுப்பு போட்டு போற ஒத்தை ஆள் குட்டி படகு) தூண்டில் போட ஆரம்பிச்சு 4 வருஷம் முடியுது. சென்னை பக்கம் முட்டுக்காடு கழிமுகம், கோவளம், எப்பவாவது பாண்டி பக்கம் அரியாங்குப்பம் ஆறு, கடல் படுத்து கிடக்கற மாசத்துல மட்டும் அலைக்கு அந்தாண்ட கொஞ்ச தூரம், இவ்ளோதான் என் ஏரியா. புதுசா வர்றவங்க எல்லாரும் கேக்கற முதல் கேள்வி எந்த கயாக் வாங்கலாம்னுதான், நானும் அதையேதான் கேட்டுட்டு திரிஞ்சேன். லைஃப் ஜாக்கெட்டை முதல்ல வாங்கு, அப்புறம் துடுப்பு, அப்புறம் எந்த கயாக்கை நீ ஒருத்தனா வண்டில ஏத்தி இறக்கி தண்ணி வரைக்கும் கொண்டு போக முடியுமோ அதை வாங்கு, ராடு (தூண்டில் கம்பு), ரீல் (நரம்பு சுத்தற உருளை) எல்லாம் வீட்ல இருக்கறதே போதும்னு அப்போ ஒருத்தர் சொல்லியிருந்தா எனக்கு காசும் மிஞ்சியிருக்கும், ஒரு வருஷமும் மிஞ்சியிருக்கும். நான் அப்படியே தலைகீழா பண்ணேன், முதல்ல 11,000 ரூபாக்கு ரீல், கடைசியா லைஃப் ஜாக்கெட்.

முதல்ல வாங்கின கயாக் காத்தடிச்சு ஊதற டைப். அபார்ட்மென்ட்ல வைக்க இடம் இல்ல, கார் டிக்கில மடிச்சு போட்டுக்கலாம்னு வாங்கினேன். ஏரில, காத்து இல்லாத காலை நேரத்துல அது நல்லாவே இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. ஆனா மீன் பிடிக்கன்னு வரும்போது கதை வேற. கொடுவா நிக்கறது பாலத்து தூண் பக்கம், அந்த தூண் பூரா சிப்பி ஒட்டி பிளேடு மாதிரி இருக்கும், அதுகிட்ட போகவே பயம். கெளுத்தி மாட்டினா முள்ளோட மடில விழும், அது நம்மள குத்துமா போட்டை குத்துமான்னு ஒவ்வொரு தடவையும் பதட்டம். அதுக்கும் மேல அது தண்ணில அமுங்காம மேலயே மிதக்கும், காத்து அடிச்சா காகிதம் மாதிரி தள்ளிட்டு போகும். 8 மாசத்துல ஒட்டு வாய் பிரிஞ்சு காத்து இறங்க ஆரம்பிச்சுச்சு, ரெண்டு தடவை ஒட்டினேன், மூணாவது தடவை விட்டுட்டேன்.

அந்த காத்து விஷயத்தை கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா என் கணக்குல கயாக்ல போறவங்களுக்கு இதுதான் பெரிய ஆபத்து. ஒரு ஆடி மாசம் காலைல கோவளத்துல கரைல நின்னு பாத்தா கடல் கண்ணாடி மாதிரி இருக்கு. இதைவிட நல்ல நாள் கிடைக்காதுன்னு இறக்கிட்டேன். அது கச்சான் காத்து, மேற்க இருந்து, அதாவது தரைல இருந்து கடலுக்கு அடிக்கற காத்து. கரையோரம் வீடும் மரமும் மறைக்கறதால அங்க ஒன்னும் தெரியாது, 300 மீட்டர் உள்ள போனதும் முதுகுல கை வச்சு தள்ளற மாதிரி தள்ளுது. போக 10 நிமிஷம், திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல, துடுப்பு வலிக்கறதை 2 நிமிஷம் நிறுத்தினா வந்த தூரம் எல்லாம் போச்சு. கடைசில ஒரு ஃபைபர் போட்காரர் பக்கத்துல வந்து கயிறு போட்டு இழுத்துட்டு வந்தாரு. "தம்பி, கச்சான்ல இத்த எடுத்துனு வராத, கரையாண்ட தண்ணி படுத்துனுதான் இருக்கும், உள்ள போனா இஸ்துனு பூடும்"னு சொன்னாரு. அன்னைல இருந்து அலை உயரத்தை பாக்கறதுக்கு முன்னாடி காத்து எந்த பக்கம்னு பாக்கறேன். மத்தியானம் கடல்ல இருந்து அடிக்கற காத்து கரைக்கு தள்ளும், கஷ்டமா இருந்தாலும் வீட்டுக்கு கொண்டு வந்து விட்டுடும். விடியக்காலைல தரைல இருந்து அடிக்கறதுதான் மோசம். இன்காய்ஸ்ங்கற மத்திய அரசு கடல் தகவல் நிலையம் குடுக்கற அலை, காத்து முன்னறிவிப்பும் விண்டி ஆப்பும் ரெண்டையும் பாப்பேன், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தோட மீனவ நண்பன் ஆப் தமிழ்லயே இருக்கு, அதையும் போட்டு வச்சிருக்கேன்.

ரெண்டாவதா வாங்கின கயாக்தான் இப்ப வரைக்கும் ஓடுது. பத்தரை அடி நீளம், 33 இன்ச் அகலம், மேல உக்காந்து போற டைப், பாலிஎத்திலீன் பாடி, வெறும் எடை 27 கிலோ, செகண்ட் ஹேண்ட்ல 38,000. மீன் பிடிக்க மேல உக்கார்ற டைப்தான்னு நான் அடிச்சு சொல்வேன். உள்ள உக்கார்ற டைப் கவுந்தா தண்ணி ரொம்பிடும், நடுக்கடல்ல அதை எறைச்சு காலி பண்றது நம்மால ஆகாத வேலை. மேல உக்கார்றதுல ஸ்கப்பர்னு ஓட்டை இருக்கும், மேல வந்த தண்ணி அது வழியா தானா கீழ இறங்கிடும். யோசிச்சு பாத்தா இது நம்ம கட்டுமரம்தான், மரத்துக்கும் மரத்துக்கும் நடுவுல தண்ணி வந்துட்டு போகும், கவுந்தா புரட்டி போட்டு மறுபடி ஏறிக்கலாம், மூழ்கறதுக்கு அதுல ஒன்னுமே இல்ல. 2004 சுனாமிக்கு அப்புறம் ஃபைபர் போட் நிறைய வந்து கட்டுமரம் குறைஞ்சு போச்சு, ஆனா கோவளத்துல என் கயாக்கை பாத்த ஒரு வயசான மீனவர் எதுவும் கேக்காம ஓட்டைல விரலை விட்டு பாத்துட்டு தலையை ஆட்டினாரு, அவருக்கு ஒரு விளக்கமும் தேவைப்படல.

நீளம் அகலம் பத்தி சுருக்கமா: அகலம் கூடினா ஆடாது ஆனா மெதுவா போகும், நீளம் கூடினா நேரா, வேகமா போகும் ஆனா தூக்க கஷ்டம். கழிமுகத்துக்கு 10-11 அடி தாராளம். எவ்ளோ எடை தாங்கும்னு போட்டிருக்கறதை அப்படியே நம்பாதீங்க, அதுல 70 சதவீதம் வரைக்கும்தான் நம்ம எடை பிளஸ் சாமான்னு வச்சுக்கோங்க, அதுக்கு மேல போனா சீட்டுக்கு கீழயே தண்ணி நிக்கும்.

எடைதான் விஷயமே. என் கூட ஆரம்பிச்ச நண்பர் ஒருத்தர் பெடல் மிதிக்கற கயாக் வாங்கினாரு, எல்லாம் மாட்டினா 45 கிலோக்கு மேல. ரொம்ப அருமையான சாமான் அது, கை ரெண்டும் ஃப்ரீயா இருக்கும், காத்துல ஒரே இடத்துல நிக்கலாம், ஹோபி கம்பெனி 1997ல மிராஜ் டிரைவ்ங்கற பெடல் அமைப்பை கொண்டு வந்ததுல இருந்து இந்த விளையாட்டே மாறிப்போச்சுன்னு சொல்வாங்க, நானும் ஓட்டி பாத்தேன், உண்மைதான். ஆனா அவரால தனியா கார் மேல ஏத்த முடியாது, ரெண்டாவது ஆள் வந்தாதான் போக முடியும், வருஷத்துக்கு 6, 7 தடவை போறதே பெரிசு. முட்டுக்காட்டுல முகத்துவாரம் மண் மூடி தண்ணி குறைஞ்சா பாதி இடத்துல முழங்கால் ஆழம்தான், பெடல் துடுப்பு மண்ல இடிக்கும், தூக்கி வச்சுட்டு கைல துடுப்பு வலிக்க வேண்டியதுதான். கடலுக்கே போறவங்க, கூட ஆள் இருக்கறவங்க வாங்குங்க. நான் மாசத்துக்கு 3 தடவையாவது போறேன்னா அதுக்கு காரணம் அந்த 27 கிலோதான்.

தள்ளுவண்டி கட்டாயம் வேணும். ஆனா ஸ்கப்பர் ஓட்டைல குச்சி மாட்டற டைப் வேணாம், மொத்த எடையும் அந்த ஓட்டைலதான் உக்காரும், எனக்கு ஒன்றரை வருஷத்துல அங்க மயிரிழை மாதிரி விரிசல் விட்டுச்சு, பிளாஸ்டிக் வெல்டிங் பண்ணி சமாளிச்சேன். பாடிக்கு கீழ வச்சு பெல்ட் போட்டு கட்டற டைப்பா பாருங்க, மணல்ல போறதா இருந்தா பலூன் மாதிரி குண்டு டயர். சின்ன கெட்டி சக்கரம் மணல்ல புதைஞ்சு உயிரை எடுக்கும்.

லைஃப் ஜாக்கெட்டுக்கு வர்றேன். போட் ஹவுஸ்ல குடுப்பாங்களே ஆரஞ்சு கலர்ல, அது கயாக்குக்கு ஆகாது, உக்காந்தா மோவாய்க்கு ஏறும், துடுப்பு வலிக்க விடாது, அதனால கழட்டி பின்னாடி போடுவோம். பின்னாடி கிடக்கற ஜாக்கெட் நம்மள காப்பாத்தாது. கயாக்குக்குன்னே முதுகு பக்கம் ஃபோம் மேல மட்டும் இருக்கற மாதிரி வருது, சீட்டுல இடிக்காது, 50 நியூட்டன் மிதப்பு போட்டிருக்கும். அது நீச்சல் தெரிஞ்சவங்க, கரை பக்கத்துல இருக்கறவங்களுக்கு. நீச்சல் தெரியாதவங்க முதல்ல நீச்சல் கத்துக்கிட்டு வாங்க, இதை கெஞ்சி கேட்டுக்கறேன். நான் 4,200க்கு வாங்கினேன், தோள்ல ஒரு விசில் கட்டியிருக்கேன். இந்த 4 வருஷத்துல நான் வாங்கினதுலயே இதுதான் சரியான செலவு.

ஏன்னு சொல்றேன். ரெண்டாவது வருஷம் பாலத்துகிட்ட வத்தத்துல, அதாவது தண்ணி கடலுக்கு இறங்கற நேரத்துல, நங்கூரம் போட்டேன், கைக்கு எட்டுதேன்னு கயிறை சீட்டு பக்கத்துலயே கட்டிட்டேன். தண்ணி இழுக்க இழுக்க கயாக் குறுக்க திரும்பி, தண்ணி வர்ற பக்கம் விளிம்பு அமுங்கி, 2 செகண்ட்ல நான் தண்ணிக்குள்ள. ஒரு ராடு போச்சு, லூர் (பொய் இரை) டப்பா போச்சு. ஜாக்கெட் போட்டிருந்தேன், ஆனா கயாக்ல திரும்ப ஏற ஒரு நாளும் பழகினது இல்ல, தொங்கிட்டே மிதந்து போய் ஒரு மண் திட்டுல கால் பட்டதும்தான் மூச்சே வந்துச்சு. நங்கூரம் எப்பவும் மூக்குல இல்லன்னா வால்ல, பக்கவாட்டுல கட்டவே கூடாது. ஆங்கர் டிராலின்னு ஒன்னு இருக்கு, ரெண்டு சின்ன கப்பி, ஒரு சுத்து கயிறு, உக்காந்த இடத்துல இருந்தே கட்டின இடத்தை முன்னாடியோ பின்னாடியோ நகத்திக்கலாம், 900 ரூபால நானே மாட்டினேன். ஒன்றரை கிலோ மடக்கு நங்கூரம் போதும், கயிறை சட்டுனு கழட்டி விடற மாதிரி வைங்க, கைக்கு எட்டற இடத்துல கத்தி ஒன்னு.

அப்புறம் திரும்ப ஏற பழகறது. நெஞ்சளவு தண்ணில, நண்பர் ஒருத்தரை வச்சுக்கிட்டு, வேணும்னே கவுத்து ஏறுங்க. கால் ரெண்டையும் தண்ணி மட்டத்துக்கு கொண்டு வந்து உதைச்சு வயித்தை கயாக் மேல போடணும், அப்புறம் புரண்டு சீட்டுல உக்காரணும், கடைசியா கால் உள்ள. காலை கயாக்குக்கு கீழ விட்டுட்டு கையால ஏற பாத்தா அது நம்ம மேலயே புரளும். எனக்கு 10, 12 தடவைக்கு அப்புறம்தான் வந்துச்சு, இப்பவும் ஒவ்வொரு சீசன் ஆரம்பத்துலயும் பண்றேன்.

துடுப்பு: முதல்ல வச்சிருந்தது 220 சென்டிமீட்டர் அலுமினியம், அகலமான கயாக்ல அது குட்டை, விரல் முட்டி போய் பக்கவாட்டுல இடிச்சுட்டே இருந்துச்சு. 240 ஃபைபர் கிளாஸ் வாங்கினேன், 6,500, கிலோக்கு கீழ எடை. நிமிஷத்துக்கு 40 தடவை வலிச்சா மணிக்கு 2,400 தடவை, 300 கிராம் வித்தியாசம் ராத்திரி தோள்ல தெரியும். துடுப்பை கயாக்கோட ஒரு கயிறால கட்டியே வைங்க.

ராடு ஆறரை அடி, மீடியம், கைப்பிடி குட்டையா, இல்லன்னா ஜாக்கெட்ல மாட்டிட்டே இருக்கும். 3000 சைஸ் ரீல், 20 பவுண்டு ப்ரெய்டு (பின்னின நரம்பு), அதோட நுனில கட்டற லீடர் நரம்பு 40 பவுண்டு, ஏன்னா கொடுவாவோட செவுள் மூடி கத்தி மாதிரி அறுக்கும், செப்பிலி மீனா இருந்தா மாட்டின உடனே சிப்பிக்குள்ள இழுத்துட்டு போகும். உயிர் இறாலுக்கு மேல ஒரு இரை இல்ல. இன்னொன்னு, கொடுவா முதல்ல ஆணா வளந்து பெருசானதும் பொண்ணா மாறும், அதனால பெரிய மீன் பெரும்பாலும் முட்டை போடறது. முட்டுக்காட்டுலயே இருக்கற சிபாங்கற உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க 1997ல இதை அடைச்சு வச்சு குஞ்சு பொரிக்க வச்சாங்க, அவ்ளோ பாடுபட்டு வளக்கற மீன் இது. நான் 4 கிலோக்கு மேல போனா விட்டுடறேன், வீட்டுக்கு ஒன்னரை கிலோ குழம்புக்கு ஜாஸ்தி.

ஃபிஷ் ஃபைண்டர் 14,000க்கு வாங்கினேன், 5 அடி தண்ணில அது சொல்றதுக்கு ஒன்னும் இல்ல, வித்துட்டேன். சீட்டு நல்லா இருக்கணும், ஃப்ரேம் போட்டு உயர்த்தின சீட்டா இருந்தா முதுகு தாங்கும், ஆனா போல்ட் எல்லாம் 316 ஸ்டெயின்லெஸ்ஸா மாத்திடுங்க, என்னுது ஒரே வருஷத்துல துரு ஏறி உடைஞ்சுச்சு. ரீலை குழாய் வேகமா திறந்து அடிச்சு கழுவாதீங்க, உப்பு உள்ள போயிடும், மெதுவா தண்ணி ஊத்தி துடைச்சு டிராக்கை (நரம்பு இழுபடாம பிடிக்கற பிரேக்) லூஸ் பண்ணி வைங்க. கயாக்கை கார் மேல இறுக்கி கட்டி சித்திரை வெயில்ல விட்டா அடி குழிஞ்சுக்கும், எனக்கு ஆச்சு, கொதிக்கற தண்ணி ஊத்தி உள்ள இருந்து தள்ளினதுல முக்கால்வாசி சரி ஆயிடுச்சு.

எங்க இறக்கினாலும் அந்த குப்பத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டு இறக்குங்க. தெர்மாகோல் மிதவை வரிசையா இருந்தா கீழ வலை இருக்கு, சுத்தி போங்க. கழிமுகத்துல இருளர் மக்கள் தண்ணிக்குள்ள உக்காந்து கையால தடவி இறால் பிடிப்பாங்க, தலை மட்டும்தான் வெளிய தெரியும், அவங்க பக்கத்துல லூர் வீசவே கூடாது, அது அவங்க சாப்பாடு, நமக்கு ஞாயித்துக்கிழமை.

போனை வாட்டர்ப்ரூஃப் பையில கழுத்துலயே மாட்டிக்கறேன், வீட்ல எங்க இறக்கறேன் எத்தனை மணிக்கு ஏறுவேன்னு சொல்லிட்டு போறேன். கடலோர காவல்படை 1554, கடலோர பாதுகாப்பு போலீஸ் 1093, ரெண்டு நம்பரையும் சீட்டுக்கு முன்னாடி மார்க்கர்ல பெருசா எழுதி வச்சிருக்கேன். உப்பும் வெயிலும் சேந்து 6 மாசத்துல அழிச்சிடுது, போன வாரம்தான் மறுபடி எழுதினேன்.