அந்தமானா, இலட்சத்தீவா, இலங்கையா: கடலூர், புதுவைக் குடும்பங்களுக்கான தீவுப் பயண ஒப்பீடு

விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஒரு தீவுக்குப் போய்வர வேண்டும் என்று புதுச்சேரியிலோ கடலூரிலோ இருப்பவர் விசாரிக்கத் தொடங்கினால், பயண முகவர்கள் முதலில் எடுத்து நீட்டுவது அந்தமான் திட்டத்தைத்தான். 2024 சனவரியில் பிரதமர் இலட்சத்தீவுக்குச் சென்றுவந்த பிறகு அந்தத் தீவுகளைப் பற்றிக் கேட்பவர்களும் பெருகியிருக்கிறார்கள். இலங்கையோ, நமக்கு மிக அருகில் இருந்தும், கடவுச்சீட்டு வேண்டும் என்ற ஒரே தயக்கத்தால் பலருடைய பட்டியலில் கடைசியில் நிற்கிறது. மாலத்தீவை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. இந்தியர்களுக்கு அங்கே இறங்கியதும் விசா கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் தனித்தீவு விடுதிகளில் தங்குவதற்கு ஆகும் செலவும், விடுதியை விட்டால் சுற்றிப் பார்க்க அதிகம் இல்லாத நிலையும், தாத்தா பாட்டியிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் வரை கூடிச் செல்லும் நம் குடும்பங்களுக்கு ஒத்துவருவதில்லை.

தேவனாம்பட்டினத்திலோ புதுவைக் கடற்கரைச் சாலையிலோ நாள்தோறும் கடலைப் பார்ப்பவருக்கு, கடற்கரை என்பது மட்டுமே பயணத்துக்குக் காரணமாக இருக்க முடியாது. நம் கரையில் இல்லாத ஒன்றைத் தேடித்தான் போக வேண்டும். தென்பெண்ணையும் கெடிலமும் கொண்டுவந்து சேர்க்கும் வண்டலும், தடுப்பார் இல்லாமல் நேரே கரையில் வந்து மோதும் அலைகள் கிளறிவிடும் மணலும் சேர்ந்து நம் கடலைப் பெரும்பாலான நாள்களில் கலங்கலாகவே வைத்திருக்கின்றன. பவளப்பாறை சூழ்ந்த தீவில் அலை வெளியிலேயே உடைந்துவிடுகிறது. உள்ளே தேங்கும் நீர் ஆழமின்றியும் தெளிவாகவும் இருப்பதால், நீந்தத் தெரியாத ஒருவர்கூட லைஃப் ஜாக்கெட் அணிந்து முகத்தை நீருக்குள் வைத்தால் அடித்தரையையும் மீன்களையும் பார்த்துவிடலாம். ஆகவே தெளிந்த பவளக் கடல், அதற்கு அப்பால் மலையோ வரலாறோ கோயிலோ என்ற வரிசையில்தான் இந்த மூன்று இடங்களையும் எடைபோடுகிறேன்.

இதில் எல்லாவற்றையும் முடிவுசெய்வது போகும் மாதம் என்பது என் உறுதியான கருத்து. படத்தைப் பார்த்து இடத்தைத் தேர்ந்துவிட்டுப் பிறகு தேதி பார்ப்பதைவிட, பிள்ளைகளுக்கு விடுமுறை எப்போது என்று பார்த்துவிட்டு அந்த மாதத்தில் எந்தக் கடல் அமைதியாக இருக்கும் என்று கேட்பதுதான் முறை. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தைத் தொடுவதற்கு முன்னரே, வழக்கமாக மே மாத நடுவிலேயே, அந்தமான் கடலுக்கு வந்துவிடுகிறது. நம் ஊரில் அக்கினி நட்சத்திரம் கொளுத்தும் அதே நாள்களில் அங்கே மழையும் காற்றும் தொடங்கித் தீவுகளுக்கு இடையே ஓடும் படகுகள் நிறுத்தப்படக்கூடும். இலட்சத்தீவின் நிலையும் ஏறத்தாழ அதுதான்: அக்டோபர் முதல் மே நடுப்பகுதி வரை நல்ல காலம், பிறகு கடல் கொந்தளிப்பு.

இலங்கையின் கதை வேறு. தீவின் நடுவே எழுந்து நிற்கும் மலைத்தொடர் பருவமழையை இரண்டாகப் பிரித்துவிடுவதால், தென்மேற்குக் காற்றில் கொழும்பும் தென்கரையின் காலி (Galle) நகரும் நனையும்போது கிழக்குக் கரையில் திருகோணமலை காய்ந்து கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை, சித்திரை முதல் ஆவணி வரை வெயிலும் அமைதியான கடலும் என்ற நம் கடலூர் மாவட்டத்தின் கணக்கே திருகோணமலைக்கும் பொருந்துகிறது. மே மாத விடுமுறையை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது ஒன்றே பெரிய செய்தி. டிசம்பரிலும் சனவரியிலும் இலங்கைக்குச் செல்பவர் இதைத் திருப்பிப் போட்டு, காலி, மிரிசை போன்ற தென்கரை ஊர்களைத் தேர்ந்துகொள்ளலாம். மிரிசைக்கு அப்பால் திமிங்கிலங்களைக் காணப் படகுகள் செல்வதும் அந்த மாதங்களில்தான்.

சென்றடையும் வழியைப் பார்ப்போம். அந்தமானுக்குச் சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். விடியற்காலை விமானம் என்றால், புதுவையிலிருந்து முந்தைய இரவே கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்ப வேண்டியிருக்கும் என்பதையும் பயண நேரத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலும் உண்டு. ஆனால் அது ஏறத்தாழ மூன்று நாள் பயணம். இலட்சத்தீவுக்குக் கொச்சிதான் வாசல்: அங்கிருந்து அகத்திக்குச் சிறிய விமானத்தில் ஒன்றரை மணி நேரம், கப்பலில் தீவைப் பொறுத்து 14 முதல் 18 மணி நேரம். இலங்கைக்குச் சென்னையிலிருந்து கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் விமானம் இருக்கிறது. நமக்கு அதைவிடப் பொருத்தமானது, 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கிய நாகப்பட்டினம் – காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல். சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால் வழியாக நாகையை அடைந்துவிட்டால், அங்கிருந்து நான்கு மணி நேரத்தில் யாழ்ப்பாணத்துக் கரை. மீனம்பாக்கத்துக்குப் போய்க் காத்திருப்பதைக் காட்டிலும் கடலூர்க்காரருக்கு இது எளிது. வடகிழக்குப் பருவமழையின்போது இந்தக் கப்பல் ஓடுவதில்லை. மற்ற மாதங்களிலும் ஓடும் நாள்கள் மாறுகின்றன. ஆகையால் பயணச்சீட்டை உறுதிசெய்துகொண்ட பிறகே அங்கே விடுதிக்குப் பணம் கட்ட வேண்டும்.

அந்தமானில் பார்ப்பதற்கு இருப்பவை ஏராளம். 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையின் ஏழு சிறகுகளில் இன்று மூன்றுதான் எஞ்சியிருக்கின்றன. ஒரு சிறகின் அறைக் கதவுகள் அடுத்த சிறகின் பின்சுவரைப் பார்க்குமாறு அமைக்கப்பட்டதால் ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைக்கூடக் காண முடியாது. அந்த நடைவழியில் நின்று பார்க்கும் பிள்ளைகளுக்கு எந்தப் பாடநூலும் சொல்லித் தராததை அந்தச் சுவரே சொல்லித் தரும். ஹேவ்லாக் தீவிலுள்ள ராதாநகர் கடற்கரையின் வெண்மணல் அதற்குரிய புகழுக்குத் தகுதியானதுதான். பெயர் மாற்றங்களை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்: ஹேவ்லாக் தீவு இப்போது சுவராஜ் தீவு, நீல் தீவு இப்போது சாகீத் தீவு, தலைநகர் போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். படகுச்சீட்டில் ஒரு பெயரும் விடுதி முன்பதிவில் மற்றொரு பெயரும் இருக்கக் கண்டு குழம்ப வேண்டியதில்லை. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் ஊர் என்பதால் உணவுக்கும் மொழிக்கும் குறை இல்லை. வெற்றிமலை முருகன் கோயிலும் அங்கே இருக்கிறது.

பவளப்பாறையைப் பொறுத்தவரை, ஸ்ரீ விஜயபுரத்துக்கு எதிரே உள்ள வடக்கு விரிகுடாவில் கண்ணாடி அடித்தளப் படகில் ஏறிப் பார்ப்பதோடு திருப்தி அடைய வேண்டாம் என்பேன். 2010-இல் கடல்நீர் சூடேறியபோது அந்தமானின் பவளங்கள் பெருமளவில் நிறமிழந்து வெளுத்தன. சாகீத் தீவின் இலட்சுமண்பூர் கரையில் கடல் வற்றும் நேரத்துக்குப் போனால், படகே இல்லாமல் பாறைக் குழிகளில் தேங்கிய நீருக்குள் நண்டும் கடல் வெள்ளரியும் சிறு மீன்களும் ஒளிவதைக் குனிந்து பார்க்கலாம். அதற்கு வற்று நேரத்தை முன்கூட்டியே உள்ளூர்க்காரரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்; வழுக்காத ரப்பர் செருப்பு அணிய வேண்டும்; சிப்பியோ பவளத் துண்டோ எடுத்து வருவது சட்டப்படி குற்றம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். இன்னொன்று: இந்திய நேரத்தையே பின்பற்றும் அந்தமான் மிகக் கிழக்கே இருப்பதால் மாலை ஐந்தரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது. எட்டு மணிக்கு எழுந்து பத்து மணிக்குக் கிளம்பும் குடும்பம் அங்கே பாதி நாளை இழந்துவிடும். அதே கடிகாரத்தில் அகத்தியில் ஆறு மணிக்கு மேலும் வெளிச்சம் நிற்கும்.

அந்தமானில் முகவர்கள் தவறாமல் சேர்க்கும் பாராட்டாங் தீவுப் பயணத்தை நம் பகுதியினர் விட்டுவிடலாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். சுண்ணாம்புக் குகைக்குச் செல்லும் வழியில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போவதைத்தான் அதன் சிறப்பாகச் சொல்வார்கள். பிச்சாவரத்தை அருகில் வைத்திருக்கும் நாம் அதற்காக ஒரு முழு நாளைக் கொடுக்கத் தேவையில்லை. அதைவிட முக்கியமான காரணம், அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காப்பகத்தினூடே செல்கிறது என்பது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, குறித்த நேரத்தில் காவலோடு அனுப்புகிறார்கள். வழியில் நிறுத்துவதும் படம் எடுப்பதும் தடை. அந்தச் சாலையின் காப்பகப் பகுதியை மூட வேண்டும் என்று 2002-இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. வேடிக்கை பார்க்கப்படுவதை விரும்பாத மக்களின் வாழிடத்தின் ஊடே நம் விடுமுறைக்காக வண்டி ஓட்டிப் போவது எனக்கு உடன்பாடில்லை.

பவளக் கடல் ஒன்றே குறி என்றால் இலட்சத்தீவுக்கு இணை இந்த மூன்றில் வேறெதுவும் இல்லை. தீவுகள் முழுவதுமே பவளத்தால் ஆனவை. ஆறு இல்லை, மலை இல்லை, கடலைக் கலக்கும் வண்டல் இல்லை. ஆனால் இந்தியக் குடிமக்களும் நுழைவு அனுமதி பெற்றே போக வேண்டும். அனுமதி, கப்பல் இடம், தங்கும் இடம் மூன்றும் ஒரே நாள்களுக்கு அமைவது எளிதல்ல. பல மாதங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும். கவரத்தி, கல்பேனி, மினிக்காய் ஆகிய தீவுகளைப் பகலில் காட்டி இரவில் கப்பலிலேயே தங்கவைக்கும் அரசுத் திட்டம் ஒன்று உண்டு. அதில் செல்வோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆழமில்லாத காயலுக்குள் பெரிய கப்பல் நுழைய முடியாததால், நடுக்கடலிலேயே அது நிற்கும். கப்பலின் பக்கவாட்டுக் கதவுக்குக் கீழே சிறு படகு அலையோடு ஏறி இறங்கிக்கொண்டிருக்க, அது மேலே எழும் நொடியைப் பார்த்துப் பணியாளர்கள் இரு கைகளையும் பிடித்து இறக்கிவிடுவார்கள். இளைஞர்களுக்கு அது ஓர் உற்சாகம். மூட்டுவலி உள்ள பெரியவர்களை அழைத்துச் செல்பவர் இதை வீட்டிலேயே எண்ணிப் பார்த்துவிட வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் உடன்வராத இளம் தம்பதியருக்கும், நீந்த விரும்பும் நண்பர் குழுவுக்கும் இலட்சத்தீவைப் பரிந்துரைப்பேன், மற்றவர்களுக்கு அல்ல.

மே, சூன் மாதங்களில் போகும் பெருங்குடும்பத்துக்கு என் தெரிவு இலங்கையின் வடக்கும் கிழக்கும். காங்கேசன்துறையில் இறங்கி யாழ்ப்பாணத்தில் தங்கினால் நல்லூர்க் கந்தசாமி கோயில், 1981-இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுப்பப்பட்ட பொது நூலகம், குறிகட்டுவானிலிருந்து படகேறி நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில், நாள் கிடைத்தால் காட்டுக் குதிரைகள் திரியும் நெடுந்தீவு என்று பார்த்து வரலாம். நல்லூரில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டே உள்ளே செல்ல வேண்டும். பிறகு சாலை வழியே திருகோணமலை. சம்பந்தர் பாடிய கோணேசுவரம், பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் மேயும் பாதையில் ஏறிச் சென்றால், செங்குத்தான பாறையின் விளிம்பில் இருக்கிறது. பழைய கோயிலைப் போர்த்துகேயர் 1622-இல் இடித்துக் கடலில் தள்ளினர். பாறை நுனியில் நிற்கும் மரத்தில், பிள்ளை வரம் கேட்டவர்கள் கட்டிய சிறு தொட்டில்கள் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். கீழே நெடுந்தொலைவு வரை கருநீலக் கடல்.

நான் முதலில் வைத்த பவளக் கடல் என்ற கேள்விக்கும் விடை அங்கேயே இருக்கிறது. நிலாவெளிக் கரையிலிருந்து கண்ணுக்கெட்டும் தொலைவில் உள்ள புறாத்தீவு, பவளப்பாறைக்காகவே தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சிறு படகில் போய் இறங்கி, இடுப்பளவு நீரிலிருந்தே ஸ்நார்க்கெல் (முகத்தை நீருக்குள் வைத்தபடி மூச்சுவிட உதவும் குழல்) போட்டுப் பார்க்கலாம். கருநுனிச் சுறாக் குட்டிகள் கரையோரம் வட்டமிடுவதைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. இலட்சத்தீவின் பரப்போ அந்தமானின் பல்வகையோ அங்கே இல்லை. ஆனால் மற்ற இரண்டு கடல்களும் மூடிக்கிடக்கும் மாதத்தில் திறந்திருப்பது அது.

திருகோணமலையிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரத் தொலைவில் சிகிரியா என்னும் பாறைக் கோட்டையும் பொலனறுவை என்னும் பழைய தலைநகரும் உள்ளன. சிகிரியாவுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். அன்று பெரியவர்களைப் பொலனறுவைக்கு அனுப்பிவிடலாம். சோழர் 11-ஆம் நூற்றாண்டில் கட்டிய வானவன் மாதேவி ஈசுவரம் என்னும் சிவன் கோயிலைக் காணும் நம்மூர்ப் பெரியவருக்கு அதன் கருவறை விமானம் புதியதாகத் தோன்றாது. இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்கு நுழைவுக் கட்டணத்தில் சலுகை உண்டு. கடவுச்சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். கண்டி முதல் எல்ல என்னும் ஊர் வரையிலான மலை ரயிலைத் தென்மேற்கு மழையில் நம்பித் திட்டமிட வேண்டாம். மண்சரிவால் பாதை மூடப்படுவது உண்டு.

செலவில், விமானக் கட்டணமே அந்தமானின் பெரும் சுமை; தீவுகளுக்கு இடையிலான தனியார் படகுகளும் ஆளுக்கு ஆள் கணக்கு வைக்கின்றன. இலங்கையில் நம் ஒரு ரூபாய்க்கு அந்நாட்டுப் பணம் மூன்று ரூபாய்க்கு மேல் கிடைப்பதால் வண்டியும் உணவும் கைக்கு அடக்கமாகவே இருக்கும். இ.டி.ஏ. என்னும் மின்னணுப் பயண அனுமதியை அரசின் இணையதளத்தில் மட்டும் பெற வேண்டும். அதே தோற்றத்தில் இயங்கிக் கூடுதல் பணம் பறிக்கும் தளங்கள் பல.

தை மாதத்திலிருந்து பங்குனி வரை போக முடிந்தவர்கள் அந்தமானையே தேர்ந்துகொள்ளட்டும். திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளே ஸ்ரீ விஜயபுரத்துக்கு வந்துவிடுவது கட்டாயம். காற்று வீசிப் படகு நின்றுவிட்டால் விமானம் காத்திருக்காது. புதுவைக் குடும்பங்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் கவனம் தேவை. வீட்டில் ஒருவர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றிருந்தால், அவர் பிறந்தது முத்தியால்பேட்டையாகவே இருந்தாலும் அந்தமானிலும் இலட்சத்தீவிலும் வெளிநாட்டவருக்கான விதிகளே அவருக்குப் பொருந்தும். இலட்சத்தீவில் வெளிநாட்டவர் சில தீவுகளுக்கு மட்டுமே செல்லலாம். ஆகவே பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பு வீட்டிலுள்ள எல்லாருடைய கடவுச்சீட்டுகளையும் மேசைமேல் வைத்து, யாருக்கு எந்த அனுமதி வேண்டும் என்று எழுதிக்கொள்ள வேண்டும்.