சின்னப் பத்திரிகையில் விளையாட்டு நிருபர் வேலை: ஆள் எடுக்கும் விதம் அருமை, சம்பளம் பேசும் விதம் மோசம்

நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களில் மட்டும் விற்பனையாகும் ஒரு சின்ன நாளிதழில் விளையாட்டு நிருபராக இருந்தேன். இப்போது ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பத்திரிகையிலிருந்து நான் விலகும்போது, எனக்கு அடுத்து வரும் ஆளைத் தேர்ந்தெடுக்க அதன் ஆசிரியர் என்னையும் கூட உட்காரவைத்தார். அதனால் விண்ணப்பம் போட்டவளாகவும் விண்ணப்பம் படித்தவளாகவும் அந்த வேலையைப் பார்த்திருக்கிறேன். குறை சொல்ல வேண்டியதும் இருப்பதால் பத்திரிகையின் பெயரை எழுதவில்லை. ஆனால் ஆள் எடுப்பதில் அவர்களிடம் உள்ள ஒரு நல்ல பழக்கம் எல்லாப் பத்திரிகைக்கும் தேவை என்று நினைக்கிறேன். விளையாட்டுப் படிப்பு முடித்துவிட்டு எழுதவும் ஆசைப்படும் தம்பி தங்கைகளுக்கு இது உதவட்டும்.

முதலில் விளம்பரம். உள்பக்கத்தில் சின்னக் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். பத்திரிகைத் துறைப் பட்டம் கேட்கவில்லை, முன் அனுபவம் கேட்கவில்லை. இருசக்கர வாகனம், ஓட்டுநர் உரிமம், தமிழில் யூனிகோட் தட்டச்சு, இவ்வளவுதான். கூடவே ஒரு வரி: ‘உங்கள் ஊரில் நீங்கள் நேரில் பார்த்த ஒரு போட்டியைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்பவும். டிவியில் பார்த்தது வேண்டாம்.’ அந்தக் கடைசி வாக்கியத்தைப் படித்ததுமே இவர்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருக்கிறது என எனக்குப் பட்டது. அதற்கு முன்பு வேறொரு பத்திரிகையின் தேர்வுக்குப் போயிருந்தேன். அங்கே கிரிக்கெட் உலகக் கோப்பையை எந்த ஆண்டு யார் வென்றார்கள், லார்ட்ஸ் மைதானம் எங்கே இருக்கிறது என்று வரிசையாகக் கேள்வி. ஹாக்கியில் ஒரு கேள்வி இல்லை, கபடியில் ஒன்றும் இல்லை. தூத்துக்குடி மாவட்டத்தில் விளையாட்டுச் செய்தி எழுதப் போகிற ஆளுக்கு லார்ட்ஸ் எதற்கு என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

விளம்பரத்தில் சம்பளம் எவ்வளவு என்று இல்லை. முழுநேரமா பகுதிநேரமா என்றும் இல்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தேர்வு இரண்டு கட்டமாக நடந்தது. முதல் நாள் அலுவலகத்தில் ஒரு கபடி ஸ்கோர் ஷீட்டின் ஜெராக்ஸை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். வேறு எதுவும் கிடையாது. அதை வைத்து எட்டு வாக்கியத்தில் செய்தி எழுத வேண்டும். கபடி ஆடினவர்களுக்குத் தெரியும், அந்தத் தாளில் ஒரு முழு ஆட்டமும் இருக்கிறது. எந்த நம்பர்க்காரர் ரெய்டு போனார், எத்தனை பாயின்ட் எடுத்தார், போனஸ் எது, லோனா (ஓர் அணி மொத்தமாக வெளியேறுவது) எப்போது விழுந்தது, டைம் அவுட் யார் கேட்டார்கள் என்று எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஷீட்டில் இடைவேளையின்போது மூன்று பாயின்ட் பின்தங்கியிருந்த அணி, இரண்டாம் பாதியில் எதிரணிக்கு லோனா கொடுத்து மேலே போயிருந்தது. எதிரணியை மொத்தமாக வெளியேற்றினால் கிடைப்பது கூடுதலாக 2 பாயின்ட்தான். ஆனால் அதற்குக் கொஞ்சம் முன்பு அதே எதிரணியின் முக்கிய ரெய்டர் தொடர்ந்து மூன்று முறை பிடிபட்டிருந்தார். ஆட்டம் திரும்பிய இடம் அதுதான், லோனா அதன் விளைவு. அதைக் கண்டுபிடித்து எழுதுகிறார்களா என்றுதான் ஆசிரியர் பார்த்தார். இப்படி ஒரு தேர்வை நான் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை. விளையாட்டு தெரிந்தவர் யார், விளையாட்டுச் செய்தியைப் படித்து மட்டும் பழகியவர் யார் என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது கட்டம் மைதானம். கோவில்பட்டி கிருஷ்ணா நகர் செயற்கைப் புல் மைதானத்தில் பள்ளிகளுக்கு இடையிலான ஹாக்கிப் போட்டி. எங்களைப் பார்க்கச் சொல்லிவிட்டு, மாலை 6 மணிக்குள் செய்தி டெஸ்க்குக்கு வர வேண்டும், 120 வார்த்தைக்கு மேல் போகக் கூடாது, ஒரு படம் வேண்டும் என்றார்கள். எனக்குப் பழகின மைதானம். ஆனால் விளையாடும்போது பார்ப்பது வேறு, எழுதுவதற்காகப் பார்ப்பது வேறு. 15 நிமிட குவார்ட்டர் நான்கும் கண்ணை எடுக்காமல் நோட்டில் குறித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கோல் விழுந்த நிமிடம், பெனால்டி கார்னர் எண்ணிக்கை, பச்சை அட்டை வாங்கி 2 நிமிடம் வெளியே உட்கார்ந்த பையன் யார் என்று எதுவும் தப்பக் கூடாது. ஸ்கோர் போர்டில் கோல் கணக்கு மட்டும்தான் இருக்கும், மற்றதெல்லாம் நம் நோட்டில்தான்.

சாயந்திரம் ஆசிரியர் ஒவ்வொருவரின் செய்தியையும் அவரவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே திருத்தினார். என்னுடையதில் மூன்றாவது பத்தியில், ‘7 பெனால்டி கார்னர் கிடைத்தும் ஒன்றைத்தான் கோலாக்க முடிந்தது’ என்று இருந்தது. அந்த வரியை வெட்டி எடுத்து முதல் பத்தியில் ஒட்டினார். “தோத்ததுக்குக் காரணம் இதுதானம்மா, இத ஏன் கீழ வச்சிருக்க?” என்றார். அப்புறம் பேனாவைப் பெயர்ப் பட்டியலில் வைத்தார். “ரெண்டு முத்துக்குமார் இருக்கான். யாரு எந்தப் பள்ளிக்கூடம்? இனிஷியல் என்ன?” நோட்டைப் புரட்டிச் சொன்னேன். ஒருவர் ச. முத்துக்குமார், இன்னொருவர் மா. முத்துக்குமார். “இனிஷியல் இல்லாம பேர் போட்டா அது எவன் பேருன்னு யாருக்குத் தெரியும்?” என்று சொல்லிக்கொண்டே இரண்டையும் சேர்த்தார். தோற்ற அணியில் கோல் போட்ட பையனின் பெயரும் வந்தே ஆக வேண்டும் என்பது அவருடைய இன்னொரு விதி.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், சின்னப் பத்திரிகையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. இந்தியா ஆஸ்திரேலியா டெஸ்ட் செய்தி எல்லோரிடமும் இருக்கிறது, செல்போனில் பந்துக்குப் பந்து வருகிறது. எட்டயபுரத்துப் பையன் கோவில்பட்டியில் கோல் போட்டது இந்தப் பத்திரிகையில் மட்டும்தான் வரும். அந்தத் துண்டை வெட்டி லேமினேட் செய்து, சான்றிதழ் ஃபைலோடு வைத்திருக்கும் அம்மாக்களை எனக்குத் தெரியும். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிற மாநிலம் இது. அங்கே சான்றிதழ்தான் செல்லும், பத்திரிகைத் துண்டு செல்லாது. ஆனால் அந்தப் பிள்ளை மேற்கொண்டு ஆட வேண்டுமா, படிப்பைப் பார்க்க வேண்டுமா என்று வீட்டில் பேச்சு வரும்போது அந்தத் துண்டுதான் முதலில் மேசைக்கு வரும்.

கோவில்பட்டி மாரீஸ்வரனும் அரியலூர் கார்த்தியும் 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பை ஹாக்கியில் இந்திய அணிக்கு ஆடினார்கள். இந்தியா வெண்கலம் வாங்கியது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற அணிகளில் கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் இருந்தார்கள். அதன் பிறகு எல்லாக் கேமராவும் அவர்கள் வீட்டு வாசலில் நின்றது. நல்லது, நிற்கட்டும். ஆனால் இப்படிப்பட்ட பிள்ளைகள் பள்ளிக்கூட அணியில் ஆடுகிற காலத்தில் பார்த்து எழுதக்கூடியவர் உள்ளூர் நிருபர் மட்டும்தான். அவர் சரியான ஆளாக இல்லாவிட்டால் அந்த வருடங்கள் யார் கண்ணிலும் படாமல் போய்விடும்.

நேர்முகத் தேர்வில் ஆசிரியர் கேட்ட ஒரே கடினமான கேள்வி இது: “விளையாட்டுச் சங்கத்துச் செயலாளர் போன் பண்ணி, என் பேர முதல் பத்தியில போடணும்னு சொன்னா என்ன செய்வ?” நம் ஊர் விளையாட்டுச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். போட்டியை எம்.எல்.ஏ. தொடங்கிவைத்தார், நகராட்சித் தலைவர் முன்னிலை வகித்தார், தாளாளர் வரவேற்றார், உடற்கல்வி இயக்குநர் நன்றி கூறினார் என்று பத்து வரி போன பிறகு, யார் ஜெயித்தார்கள் என்பது கடைசி வரியில் வரும். சில நேரம் அதுவும் வராது. ‘ஸ்கோர் முதலில், ஆடினவர்கள் அடுத்து, விருந்தினர்கள் கடைசியில்’ என்பது இந்தப் பத்திரிகையின் வழக்கம். நான் இருந்தவரை ஆசிரியர் அதை விட்டுக்கொடுக்கவே இல்லை. அவர் மேல் எனக்குள்ள மரியாதை முழுவதும் இதிலிருந்து வந்தது.

இனி குறைகள்.

தேர்வானதும் சம்பளம் என்ன என்று நானாகத்தான் கேட்டேன். மாதம் 6,000 ரூபாய், பெட்ரோலுக்கு 1,500. பகுதிநேர நிருபர். நியமனக் கடிதம் கேட்டபோது, “அப்புறம் தருவாங்கம்மா” என்றார் மேலாளர். நான் விலகும்வரை அது வரவில்லை. உழைக்கும் பத்திரிகையாளர்களுக்கென்று 1955லேயே ஒரு சட்டம் வந்தது, 2025 நவம்பரில் அது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. பத்திரிகை ஊழியர்களுக்கான மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரைகளை 2011இல் அரசு அறிவித்தது, அவை செல்லும் என்று 2014இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் கையில் ஒரு கடிதமே இல்லாத ஆள் எந்தச் சட்டத்தைக் காட்டி என்ன கேட்க முடியும்? பகுதிநேரம் என்று பெயர்தானே தவிர, சனி ஞாயிறு முழுக்க மைதானத்தில்தான் இருந்தேன். போட்டிகள் நடப்பதே அந்த நாட்களில்தான்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. சேர்ந்த பிறகுதான் விளம்பரம் பிடிக்கும் வேலையும் உண்டு என்று தெரிந்தது. தீபாவளிச் சிறப்பிதழ், பொங்கல் சிறப்பிதழ், பள்ளி சேர்க்கை நேரம் என்று ஆண்டுக்குச் சில தடவை நிருபர்களும் விளம்பரம் கொண்டுவர வேண்டும். கமிஷன் உண்டு. சம்பளத்தைவிடக் கமிஷன் அதிகம் வந்த மாதமும் உண்டு. ஆனால் ஒரு பள்ளிக்கூடத்துத் தாளாளரிடம் அரைப் பக்க விளம்பரம் கேட்டுவிட்டு வந்த கையோடு, அந்தப் பள்ளி மைதானத்தில் கால்பந்து போஸ்ட் துருப்பிடித்துச் சாய்ந்து நிற்கிறது என்று எழுத முடியுமா? நான் எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் வாங்கினார், பக்கத்திலும் வைத்தார், இரவு விளம்பரப் பிரிவு அதை எடுத்துவிட்டது. முதல் பத்தியைச் சங்கச் செயலாளரிடமிருந்து காப்பாற்றத் தெரிந்த பத்திரிகை, நிருபரை விளம்பரப் பிரிவிடமிருந்து காப்பாற்றவில்லை. இதை வேலை விளம்பரத்திலேயே சொல்லிவிட வேண்டும். தெரிந்து சேர்கிறவர் சேரட்டும்.

மூன்றாவது, பெண் நிருபர்களுக்கு. எங்கள் பக்கத்துக் கிராமக் கபடிப் போட்டிகள் விளக்கு வெளிச்சத்தில் ராத்திரி முழுக்க நடக்கும். இறுதிப் போட்டி விடிகாலை 2 மணிக்கும் நடக்கும். அதைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டியில் தனியாகத் திரும்புவதற்கு அலுவலகத்தில் எந்த ஏற்பாடும் கிடையாது. ஊர்க்காரர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். விழாக் கமிட்டியினர் யாராவது ஒருவர் மெயின் ரோடு வரை பைக்கில் கூடவே வந்து விட்டுவிட்டுப் போவார். அவர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் இது பத்திரிகை செய்ய வேண்டிய வேலை. அப்படி ஒரு ஏற்பாடு இல்லாததால்தான் பெண்கள் அதிகம் விண்ணப்பிப்பதில்லை. பெண்கள் கபடி, பெண்கள் ஹாக்கி பற்றிய செய்திகள் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனக்கு அடுத்த ஆளுக்கு வந்த விண்ணப்பங்களைப் படித்தபோது கவனித்ததையும் சொல்லிவிடுகிறேன். நிறையப் பேர் நான்கு பக்கத்துக்கு பயோடேட்டா அனுப்புகிறார்கள். கேட்டிருந்த ஒரு பக்கக் கட்டுரைக்குப் பதில் தோனியைப் பற்றி எழுதி அனுப்புகிறார்கள். அவையெல்லாம் முதலிலேயே ஒதுங்கிவிட்டன. தேர்வான தம்பி விளாத்திகுளம் பக்கத்துக்காரர், பி.ஏ. தமிழ். அவர் எழுதியது ஒரு கிராமக் கபடிப் போட்டி. நடுவில் கரண்ட் போய்விட்டது, ஸ்கோர் 21-20, மீதி எத்தனை நிமிடம் என்று இரண்டு அணிக்கும் தகராறு. ஸ்கோரர் தன் ஷீட்டை டார்ச் வெளிச்சத்தில் இரண்டு கேப்டன்களுக்கும் காட்டினார், மறுநாள் காலை அதே ஸ்கோரிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கினார்கள். ஸ்கோரர் யார், கேப்டன்கள் யார், எந்த ஊர், எல்லாம் அந்த ஒரு பக்கத்தில் இருந்தது. வர்ணனை என்று ஒரு வார்த்தை இல்லை. படித்து முடித்ததும் ஆசிரியர் தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, “இவன வரச் சொல்லு” என்றார்.

என் மதிப்பெண் கேட்டால், ஆள் எடுக்கும் முறைக்கு 5க்கு 5, வேலை கற்றுக்கொடுப்பதற்கும் 5. சம்பளத்துக்கு 1, பாதுகாப்புக்கு அதுவும் கிடையாது. வீட்டில் வேறு வருமானம் இருக்கிறது, இரண்டு வருடம் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பவர்கள் தாராளமாகப் போகலாம். இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த வேண்டும் என்றால் வேண்டாம். போகிறவர்கள் முதல் நாளே மூன்றைக் கேளுங்கள்: நியமனக் கடிதம் எந்தத் தேதியில் வரும், விளம்பரம் கொண்டுவர வேண்டுமா, இரவுப் போட்டிக்குப் போக்குவரத்துக்கு யார் பொறுப்பு. பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அந்தத் தம்பியை இப்படித்தான் கேட்கச் சொன்னேன். சேர்ந்த மாதமே கடிதம் வந்துவிட்டதாகப் போனில் சொன்னார். பெட்ரோல் காசு 2,000 ஆகியிருக்கிறது. விளம்பரம் மட்டும் இன்னும் பிடிக்கச் சொல்கிறார்களாம்.