கும்பகோணம் பழைய சாமான் கடை – சைக்கிள் பேட்ஜ் பத்தே ரூபா

மகாமகக் குளத்துக்குப் பக்கத்துல ஒரு சந்து, பேர் போர்டெல்லாம் கிடையாது, வாசல்ல பித்தளை உருளியா அடுக்கி வச்சிருப்பாரு, அதான் அடையாளம். நான் போனது காபி ஃபில்டர் வாங்க.

உள்ள ஒரு பிஸ்கட் டின் நிறைய கட்சி பேட்ஜ். எம்ஜிஆர் போட்டது 150ன்னாரு பெரியவர், பேரம் பேசவே விடல. சைக்கிள் போட்ட தமாகா (தமிழ் மாநில காங்கிரஸ்) பேட்ஜ எடுத்ததும் "பத்து ரூபா குடுங்க தம்பி, அத யாரு கேக்கறா"ன்னுட்டாரு. அந்தக் கட்சிய ஆரம்பிச்ச மூப்பனாரோட ஊர் கபிஸ்தலம் இங்கேருந்து கூப்பிடு தூரம்ங்க!

96ல எங்கப்பா இத குத்திக்காம வெளிய கெளம்ப மாட்டாரு. காங்கிரஸ் தலைவரா இருந்த நரசிம்மராவ் ஜெயலலிதாவோடதான் கூட்டணின்னு நின்னதும் மூப்பனார் பிச்சிக்கிட்டு வந்து கட்சி ஆரம்பிச்சு, திமுகவோட சேந்து, ரஜினியும் வாய்ஸ் குடுக்க, ஒரு மாசம் சொச்சத்துல 39 எம்எல்ஏ, நின்ன 20 எம்பி சீட்டும் ஜெயிச்சு, சிதம்பரம் டெல்லில நிதியமைச்சர். பொறந்த கொழந்த ஓடுச்சு அன்னிக்கு.

98ல மூணு எம்பி. 99ல திமுக பிஜேபி பக்கம் போனதும் நான் வரலன்னு தனி அணி கட்டினாரு, ஒரு சீட்டு கூட தேறல, ஆனா அந்தத் தோல்வி எனக்கு இன்னிக்கும் மரியாதையாத்தான் படுது. 2001தான் தாங்கல. எந்தக் கூட்டணி ஆகாதுன்னு வெளிய வந்தாங்களோ அந்த ஜெயலலிதா கூடவே போயி 23 எம்எல்ஏ வாங்கினாங்க, அப்பா பேட்ஜக் கழட்டி பீரோல போட்டுட்டாரு. அந்த ஆகஸ்ட்லயே மூப்பனார் போயிட்டாரு, மறு வருஷம் அவர் மகன் வாசன் கட்சிய காங்கிரஸ்லயே சேத்தாச்சு. 2014ல அதே பேர்ல மறுபடி கடை தொறந்தாரு, அது வேற கதை.

சரி கடைக்கு வருவோம். பேட்ஜ் ஊசி துருப்பிடிச்சு கையோட வந்துடுச்சு, பெரியவர் சிரிச்சுக்கிட்டே ஒரு ஊக்கு வச்சு கட்டிக் குடுத்தாரு. ஃபில்டர் 250, மூடி கொஞ்சம் லூசு, டிகாக்ஷன் நல்லாவே எறங்குது. நாலு ஸ்டார் குடுக்கலாம். டின்ல இன்னும் நாலஞ்சு சைக்கிள் கெடக்கு, சில்லறையா கொண்டு போங்க, ஜிபே கிடையாது.