என்ட்ரா கனெக்ட் சிங்க், ஏடிஎம்டி: டொமைன் மாற்றத்தில் எதை, எவ்வளவு நம்பலாம்?

கோயம்புத்தூரில் தலைமை அலுவலகம், வாளையார் தாண்டினால் கஞ்சிக்கோட்டில் ஆலை. இரண்டு இடத்திலும் தனித்தனி ஆக்டிவ் டைரக்டரி ஃபாரஸ்ட் (பயனர், கணினிக் கணக்குகளை வைத்திருக்கும் அமைப்பு; அதற்குள் இருக்கும் பிரிவுதான் டொமைன்). மெயிலும் டீம்ஸும் மட்டும் ஒரே மைக்ரோசாஃப்ட் 365 டெனன்டில் (நிறுவனத்தின் கிளவுட் இடம்). ஆலையின் டொமைனை மூடி எல்லாரையும் தலைமை அலுவலக டொமைனுக்குக் கொண்டுவருவது என்று முடிவானால், மைக்ரோசாஃப்ட் காசில்லாமல் தரும் இரண்டு கருவிகள்தான் முதலில் கைக்கு வரும். கணக்கை நகர்த்த ஏடிஎம்டி 3.2 (ஆக்டிவ் டைரக்டரி மைக்ரேஷன் டூல்). கிளவுட் தொடர்பு அறுந்துபோகாமல் காக்க, உள்ளூர்க் கணக்குகளைக் கிளவுடோடு ஒத்திசைக்கும் என்ட்ரா கனெக்ட் சிங்க். பழைய பெயர் அஸூர் ஏடி கனெக்ட். முதலாவது வயதான கருவி, கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. இரண்டாவதை நம்பலாம், சோர்ஸ் ஆங்கர் சரியாக இருந்தால்.

உள்ளூர்க் கணக்கு எது, கிளவுட் கணக்கு எது என்று இணைக்கும் அடையாளம்தான் சோர்ஸ் ஆங்கர். கிளவுட் பக்கம் இதே மதிப்பு பேஸ்64 வடிவில் இம்யூட்டபிள் ஐடி என்று இருக்கும்: 24 எழுத்து, முடிவில் இரண்டு சமக்குறி. பழைய நிறுவல்களில் ஆங்கர் ஆப்ஜெக்ட் ஜியூஐடி (கணக்கு உருவாகும்போதே அதற்கு விழும் தனி எண்). ஒரே ஃபாரஸ்டுக்குள் டொமைன் மாறினால் அது மாறாது. ஃபாரஸ்ட் மாறினால் புதுக் கணக்குக்குப் புது ஜியூஐடிதான். அதை மாற்றி எழுதவும் முடியாது. இதனால்தான் புதிய நிறுவல்களில் எம்எஸ்-டிஎஸ்-கன்சிஸ்டன்சி-ஜியூஐடி என்ற, நாமே எழுதக்கூடிய ஆட்ரிபியூட் (கணக்கில் உள்ள ஒரு தகவல் புலம்) ஆங்கராக இருக்கிறது. உங்கள் நிறுவலில் எது ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். ஆப்ஜெக்ட் ஜியூஐடி என்றால் விசார்டில் போய் கன்சிஸ்டன்சிக்கு மாற்றிவிட்டு அப்புறம் மற்ற வேலை. இந்த மாற்றம் ஒருவழிதான்.

வேலை நடக்க வேண்டிய வரிசை இது. ஏடிஎம்டி புதுக் கணக்கை உருவாக்கும்போது, சிங்க் வட்டத்துக்குள் (என்ட்ரா கனெக்ட் கிளவுடோடு ஒத்திசைக்கும் பகுதிக்குள்) வராத ஒரு ஓயூவில்தான் (கணக்குகளைப் பிரித்து வைக்கும் உட்பிரிவு) அது விழ வேண்டும். அங்கே வைத்துப் பழைய கணக்கின் ஆங்கர் மதிப்பான 16 பைட்டைப் பவர்ஷெல் வழியாகப் புதுக் கணக்கின் கன்சிஸ்டன்சி ஆட்ரிபியூட்டில் எழுதுங்கள். ஏடிஎம்டியே கொண்டுவந்துவிடும் என்று விடாதீர்கள். எழுதியதை பேஸ்64 ஆக்கி, கிளவுடில் உள்ள இம்யூட்டபிள் ஐடியோடு ஒவ்வொரு கணக்காக ஒப்பிட்ட பிறகே ஓயூவை வட்டத்துக்குள் விடலாம்.

இந்த வரிசையை மீறுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஆட்ரிபியூட் காலியாக இருக்கும் கணக்கை என்ட்ரா கனெக்ட் பார்த்துவிட்டால், புது ஆப்ஜெக்ட் ஜியூஐடியை எடுத்துத் தானே அதில் எழுதிவிடும். அதே யூபிஎன் (லாகின் பெயர்), அதே மெயில் முகவரி என்பதால் சாஃப்ட் மேட்ச் (ஆங்கர் இல்லாமல் இவற்றை வைத்தே பொருத்துவது) ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கிளவுட் கணக்கில் ஏற்கெனவே இம்யூட்டபிள் ஐடி இருந்தால் சாஃப்ட் மேட்ச் நடக்காது, பிழைதான் வரும். அந்த நேரத்தில் பழைய கணக்கும் வட்டத்தை விட்டுப் போயிருந்தால் கிளவுட் கணக்கு அழிந்து, காலி மெயில்பாக்ஸோடு புதிதாக ஒன்று பிறக்கும்.

குழுக்களுக்கும் இதே ஆட்ரிபியூட் செல்லும். ஆனால் பயனர்களுக்கு எழுதுவதுபோல் குழுக்களுக்குக் கருவி தானாக எழுதாது. நீங்கள்தான் எழுத வேண்டும். விட்டால் ஷேர்பாயிண்ட் அனுமதி, குழு வழியாகக் கொடுத்த லைசென்ஸ் எல்லாம் போகும்.

என்ட்ரா கனெக்டில் எங்களுக்கு மிகவும் பிடித்தது ஸ்டேஜிங் மோட். இன்னொரு சர்வரில் நிறுவினால் இம்போர்ட் (படிப்பது), சிங்க் (ஒப்பிட்டு மாற்றங்களைக் கணக்கிடுவது) இரண்டும் நடக்கும், எக்ஸ்போர்ட் (அந்த மாற்றங்களை வெளியே எழுதுவது) மட்டும் நடக்காது. ஆகவே கிளவுடில் கை வைக்கும் முன்பே என்ன நடக்கப்போகிறது என்று பார்த்துவிடலாம். இப்படி ஒத்திகை பார்க்க இடம் தருவதற்கே இதற்கு நல்ல மதிப்பெண் தரலாம். மாற்றும் நாளில் 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஷெட்யூலரை நிறுத்துங்கள். பழைய கணக்கை வட்டத்துக்கு வெளியே உள்ள ஓயூவுக்கும் புதியதை உள்ளேயும் நகர்த்தி, இரண்டு ஃபாரஸ்டுக்குமான கனெக்டரிலும் (இணைப்பு) இம்போர்ட், பிறகு இரண்டிலும் சிங்க். ஒன்றை மட்டும் சிங்க் செய்துவிட்டு எக்ஸ்போர்ட்டுக்குப் போகாதீர்கள். எக்ஸ்போர்ட்டுக்கு முன் என்ட்ரா கனெக்டர் ஸ்பேஸில் பெண்டிங் எக்ஸ்போர்ட் பட்டியலை (கிளவுடில் எழுதக் காத்திருக்கும் மாற்றங்கள்) திறந்தால், நீங்கள் நகர்த்தியவர்களில் ஒருவருக்குக்கூட டெலீட் இருக்கக் கூடாது, அப்டேட் மட்டுமே. முதலில் ஒரு சோதனைக் கணக்கு, பிறகு ஐந்தாறு பேர், அதன்பின் துறை துறையாகப் போகலாம்.

குறை என்று சொன்னால் டெலீட் வரம்பு. தவறுதலான அழிப்பைத் தடுக்கும் வரம்பு இயல்பாக 500. ஆலையில் இருப்பதே 300 பேர் என்றால் அத்தனை பேரும் ஒரே சுற்றில் அழிந்தாலும் இந்தத் தடுப்பு வாயைத் திறக்காது. பெரிய நிறுவனத்தை மனதில் வைத்துப் போட்ட எண் இது. சின்ன நிறுவனங்களுக்கு ஆபத்து. மாற்றம் தொடங்கும் முன்பே 10 அல்லது 20 ஆகக் குறைத்துவிடுங்கள். அதையும் மீறி அழிந்தால் 30 நாள் வரை மறுசுழற்சித் தொட்டியில் இருக்கும். அதே ஆங்கரோடு கணக்கு மறுபடி சிங்க் ஆனால் மீளும்.

இனி ஏடிஎம்டி. இரண்டு டொமைனுக்கும் இடையே டிரஸ்ட் (நம்பிக்கை இணைப்பு) இல்லாமல் இது வேலை செய்யாது. எஸ்ஐடி ஹிஸ்டரி (பழைய கணக்கின் பாதுகாப்பு அடையாள எண்ணைப் புதுக் கணக்கிலும் வைத்திருப்பது) வேண்டுமென்றால் டிரஸ்டில் அதற்கு அனுமதி, இரு பக்கமும் ஆடிட்டிங், மூல டொமைனின் பெயரோடு மூன்று டாலர் குறி சேர்த்த லோக்கல் குரூப் ஆகியவை தேவை. இதைத் தவிர்த்தால் பழைய ஃபைல் சர்வரின் ஷேர் ஃபோல்டர்கள் திறக்காது.

இதைவிட ஆபத்தானது பெயர் மோதல். எல்லையின் இரு பக்கமும் சுரேஷ், முரளி, ராதாகிருஷ்ணன் நிறைய. கோவையில் ஒரு சுரேஷ்.கே, கஞ்சிக்கோட்டில் இன்னொரு சுரேஷ்.கே. மோதல் வந்தால் ‘மெர்ஜ்’ என்று தேர்ந்தெடுத்தால் ஏடிஎம்டி இரண்டு மனிதர்களை ஒரே கணக்காக்கிவிடும். ‘மோதினால் நகர்த்தாதே’ என்பதையே தேர்ந்தெடுங்கள். பெயரை நம்பாமல் பணியாளர் எண்ணை வைத்துப் பட்டியல் தயாரித்து, மோதும் கணக்குகளுக்கு முன்கூட்டியே புது லாகின் பெயர் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது மெயில். மெயில், ப்ராக்ஸி அட்ரஸஸ் (ஒருவரின் எல்லா மெயில் முகவரிகளும் இருக்கும் இடம்) ஆகிய இரண்டு ஆட்ரிபியூட்டையும் ஏடிஎம்டி இயல்பாகவே விட்டுவிடும். ஆங்கர் கச்சிதமாகப் பொருந்தியும், ப்ராக்ஸி அட்ரஸஸ் காலியாக இருக்கும் புதுக் கணக்கு சிங்க் ஆனால் கிளவுடில் உள்ள மாற்று முகவரிகள் உதிர்ந்துபோகும். வாடிக்கையாளர் அனுப்பும் ஆர்டர் திரும்பிப்போகும். இலக்கு ஃபாரஸ்டில் எக்ஸ்சேஞ்ச் ஸ்கீமா (மெயிலுக்கான ஆட்ரிபியூட்டுகளின் வரையறை) இருக்கிறதா என்று பார்த்து, இந்த ஆட்ரிபியூட்டுகளையும் பவர்ஷெல்லில் நகலெடுங்கள். டொமைன் பெயர் .லோக்கல் என்று முடிந்தால், சரிபார்க்கப்பட்ட மெயில் டொமைனை யூபிஎன் சஃபிக்ஸாக (லாகின் பெயரில் @ குறிக்குப் பின் வரும் பகுதி) சேர்த்தே ஆக வேண்டும்.

பாஸ்வேர்டில் ஒரு நுணுக்கம். ஏடிஎம்டி நகர்த்திய கணக்கில் ‘அடுத்த லாகினில் மாற்று’ என்ற குறி விழும். அது இருக்கும்வரை பாஸ்வேர்டின் ஹாஷ் (குறியாக்கிய வடிவம்) கிளவுடுக்குப் போகாது. ஆள் இரண்டு பாஸ்வேர்டோடு திண்டாடுவார். பாஸ்வேர்ட் எக்ஸ்போர்ட் சர்வர் வைத்துப் பழைய பாஸ்வேர்டையே கொண்டுவந்து குறியை எடுத்துவிடுவது நல்லது. புது ஃபாரஸ்டின் கனெக்டர் கணக்குக்கு (என்ட்ரா கனெக்ட் அந்த ஃபாரஸ்டை அணுகும் கணக்கு) ரெப்ளிகேஷன் அனுமதி இரண்டும், கன்சிஸ்டன்சி ஆட்ரிபியூட்டில் எழுதும் அனுமதியும் கொடுக்க மறக்காதீர்கள்.

ஹைப்ரிட் ஜாயின் ஆன (உள்ளூர் டொமைன், கிளவுட் இரண்டிலும் பதிவான) கணினிகளை டொமைன் மாற்றும்போது பழைய பதிவை விலக்கி மறுபடி பதிய வைக்க வேண்டும். ஷிஃப்ட் ஓடும் ஆலையில் இதை ஒரே இரவில் முடிக்க நினைக்காதீர்கள், லைன் லைனாகச் செய்யுங்கள்.

நாள் குறிக்கும்போது ஜிஎஸ்டி தாக்கல் நாள்களான 11, 20 தேதிகளையும் சம்பள வாரத்தையும் விலக்குங்கள். ஓண விடுமுறை ஆலைக்கு வசதி. ஆனால் அன்று தலைமை அலுவலகம் வேலை செய்தால் சிங்க் சர்வரை நிறுத்துவது அவர்களையும் பாதிக்கும். எல்லாம் முடிந்தபின் பழைய ஃபாரஸ்டின் டொமைன் கன்ட்ரோலரை (கணக்குகளை வைத்திருக்கும் சர்வர்) 30 நாள் தாண்டும்வரை அணைக்காதீர்கள். விடுபட்ட ஆங்கர் மதிப்பைத் தேட வேண்டி வந்தால் அது அங்கே இருக்கும்.