ஏற்காட்டிலிருந்து கரீனா நெபுலா: சிரிலா, பிக்ஸ்இன்சைட்டா?

ஏற்காட்டில் நின்று கரீனா நெபுலா என்ற விண்வெளி வாயு மேகத்தைப் படமெடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு. உச்சத்தில் இருக்கும்போதும் அது தெற்குத் தொடுவானத்துக்குச் சுமார் 18 பாகை மேலேதான் நிற்கும். அதே தெற்கில்தான் மலையடிவாரத்தில் சேலம் அத்தனை விளக்குகளையும் ஏற்றி வைத்திருக்கிறது. மார்ச் இரவொன்றில் 200 மில்லிமீட்டர் லென்ஸில், 30 விநாடி வீதம் 200 படங்கள் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கினேன். படத்தின் கீழ்ப்பாதி நீர்த்துப்போன தேநீர் நிறத்தில் வந்தது.

அதே கோப்பை, வானப் படங்களைச் செப்பனிடும் சிரில், பிக்ஸ்இன்சைட் என்ற இரண்டு மென்பொருள்களிலும் கொடுத்துப் பார்த்தேன்.

சிரில் இலவசம். பின்னணி ஒளியைக் கழிக்க மாதிரிப் புள்ளிகளைத் தானே தூவிவிடும். ஆனால் நெபுலாவின் மங்கலான ஓரத்தில் ஒரு புள்ளி விழுந்தாலும் போதும், அதையும் நகரத்து வெளிச்சமாக எண்ணிக் கழித்துவிடும். முதல் முயற்சியில் நெபுலாவைச் சுற்றிக் கருவளையமே விழுந்தது. அங்கிருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்த பிறகுதான் ஓரம் திரும்பி வந்தது. பிக்ஸ்இன்சைட்டிலும் இதே வேலைதான். ஒவ்வொரு புள்ளியையும் நுணுக்கமாகச் சரிசெய்ய வழி கூடுதல், பொறுமையும் கூடுதலாக வேண்டும்.

நிறத்தில் இரண்டும் சமம். இரண்டுமே படத்திலுள்ள விண்மீன்களை, விண்மீன்களை அளந்து பட்டியலிட்ட காயா விண்கலத்தின் பட்டியலோடு ஒப்பிட்டு வெண்மையை நிர்ணயிக்கின்றன. இவ்வளவு தாழ்வாக நிற்கும்போது, தலைக்கு நேர்மேலே இருப்பதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு காற்றை ஒளி கடந்து சிவந்து வருவதால், இந்தப் படத்துக்கு அது மிகவும் தேவைப்பட்டது.

நுணுக்கத்தில் பிக்ஸ்இன்சைட் முந்துகிறது. நெபுலாவுக்குள் இருக்கும் ஈட்டா கரீனா விண்மீனை ஒட்டிய சாவித்துளை வடிவக் கருமை, சிரிலில் வெளிச்சத்தில் பாதி கரைந்திருந்தது. பிக்ஸ்இன்சைட்டில் விளிம்போடு தெரிந்தது. சிரிலிலும் மையத்தின் வெளிச்சத்தை அடக்கி மங்கலான பகுதிகளை மட்டும் பிரகாசமாக்கலாம், எனக்கு அதற்கு நான்கு முயற்சிகள் தேவைப்பட்டன. ஆனால் பிக்ஸ்இன்சைட் விலை வரி நீங்கலாக 300 யூரோ, நம் பணத்தில் 30,000 ரூபாயை ஒட்டி வரும். 45 நாள் இலவசமாகப் பார்க்கலாம் என்பது ஆறுதல். என் 8 ஜிபி மடிக்கணினி அதைத் திறந்ததுமே திணறியது தனிக்கதை.

பெரிய தொலைநோக்கி வைத்திருப்பவர் பிக்ஸ்இன்சைட்டை வாங்கலாம். லென்ஸோடு மலையேறும் எனக்குச் சிரில் போதும். சாதாரண கேமராவின் உள்வடிகட்டி, நெபுலாவின் ஹைட்ரஜன் வெளியிடும் 656.3 நானோமீட்டர் சிவப்பொளியில் பெரும்பங்கைத் தடுத்துவிடுகிறது. பதிவாகாத சிவப்பை எந்த மென்பொருளும் கொண்டுவராது. கையில் பணம் சேர்ந்தால் முதலில் அந்த வடிகட்டியைத்தான் மாற்றப்போகிறேன்.