மாதவரத்தில் வாங்கிய ஒட்டு ஆரஞ்சுச் செடி: மூன்று ஆண்டு அனுபவம்

மூன்று ஆண்டுகளுக்கு முன் சென்னை மாதவரத்தில் சாலையோர நர்சரி ஒன்றில் நாக்பூர் ஆரஞ்சு ஒட்டுச்செடியை 350 ரூபாய்க்கு வாங்கி, கொடுங்கையூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வைத்தேன். இந்த ஆண்டுதான் காய்த்தது. மொத்தம் ஒன்பது காய்கள். விதை போட்டு வளர்த்திருந்தால் இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால், செடிக்குக் கொடுத்த விலை தகும்.

ஆனால் ஒட்டுக் கட்டிய பிளாஸ்டிக் நாடாவை அவிழ்க்காமலேயே விற்றிருந்தார்கள். தண்டு பருக்கப் பருக்க நாடா பட்டைக்குள் பதிந்துவிட, பிளேடால் கீறி எடுக்க நேர்ந்தது. ஒட்டுக்குக் கீழே நீண்ட முள்ளோடு கிளம்பிய போத்தைக் கண்டு செடி செழிக்கிறது என்று ஒரு வாரம் மகிழ்ந்திருந்தேன். அது வேர்ச்செடியின் (ஆரஞ்சுக் கிளையை ஒட்டுவதற்கு அடியில் வைத்த வேறு செடியின்) கிளை, சத்தை உறிஞ்சிக்கொள்ளும், உடனே கிள்ள வேண்டும் என்பதை வாங்கும்போது ஒருவரும் சொல்லவில்லை.

அங்கேயே விற்ற மண் கலவை மூட்டையை யாரும் வாங்க வேண்டாம். பெரும்பாலும் களிமண்ணாக இருந்ததால், ஊற்றிய தண்ணீர் மேலேயே குளம்போல் நின்றது. ஆரஞ்சு வேருக்கு அதைவிடக் கேடு வேறில்லை. பிறகு பாதியாக அறுத்த நீல நிற டிரம்மின் அடியில் துளையிட்டு, செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் கலந்து மாற்றி நட்டேன்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதையே ஊற்றி வந்ததில் இலை ஓரங்கள் கருகின. இளம் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, மற்ற இடமெல்லாம் வெளுத்தது. நர்சரிக்காரரோ, "எப்சம் சால்ட் போடுங்க சார், சரியாயிடும்" என்று ஒரு பொட்டலத்தை நீட்டினார். எப்சம் உப்பு தருவது மெக்னீசியம். அதன் குறை முதலில் முதிர்ந்த இலைகளில்தான் தெரியும். இளம் இலை இப்படி வெளுப்பது பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறையால். மெட்ரோ வாட்டருக்கு (சென்னைக் குடிநீர் வாரியத் தண்ணீருக்கு) மாறி, இரும்பும் துத்தநாகமும் கலந்த நுண்ணூட்டக் கரைசலைத் தெளித்த பிறகே புதுத் தளிர்கள் பச்சையாக வந்தன.

புழுத் தொல்லை தனிக்கதை. பறவை எச்சம் போலவே இலைமேல் கிடக்கும் அந்தப் புழுவை அம்மா குச்சியால் தொட்டால், தலையருகே செந்நிறக் கொம்பு நீட்டி நாற்றம் விடும்.

பழம் கடைசிவரை முழுதாக மஞ்சளாகவில்லை. தோல் நிறம் மாறக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். சென்னையில் அதற்கு எங்கே போவது? பச்சை படர்ந்த தோலோடு உரித்த முதல் பழத்தில் பதினோரு சுளைகள் இருந்தன. சாறு நிறைய, புளிப்பு சற்றுத் தூக்கல்.